கோயில் நிலத்துப் போர்வெல்லில் இருந்து 60 வீடுகளுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு அருகே டோங்காட்டில் எங்கள் கோயில் அறக்கட்டளைக்கு இரண்டு ஹெக்டேர் நிலம் இருக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் ஊர்க் குடிநீர் நிலையம் அடிபட்டு, மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் போனபோது நன்கொடை திரட்டிப் போர்வெல் போட்டோம். மணிக்கு 5,000 லிட்டர் வரும் என்று துளை போட்டவர் சொன்னார். மடைப்பள்ளிக்கும் நாங்கள் நடத்தும் முதியோர் இல்லத்துக்கும் போக, அக்கம்பக்கத்து 60 வீடுகளுக்குக் குழாய் இழுத்துச் சிறு கட்டணத்தில் கொடுக்க நினைக்கிறோம். "நம்ம நிலம், நம்ம கிணறு, யாரைக் கேட்கணும்?" என்கிறார்கள் சில உறுப்பினர்கள். மழைநீரையும், முதியோர் இல்லத்துக் கழிவுநீரைச் சுத்தம் செய்தும் நிலத்துக்குள் விட்டால், அந்த அளவுக்குக் கூடுதலாக எடுத்துக்கொள்ளலாமா? – கோயில் குழுச் செயலாளர்

பதில்: கேட்கத்தான் வேண்டும், அதுவும் இரண்டு இடத்தில். தண்ணீரை நிலத்திலிருந்து எடுப்பதற்கு ஒரு சட்டம், எடுத்ததை அடுத்தவருக்குக் கொடுப்பதற்கு வேறொரு சட்டம். ஒன்றில் அனுமதி வாங்கினால் மற்றதற்கும் ஆயிற்று என்று நினைத்துவிடாதீர்கள்.

தென்னாப்பிரிக்காவில் 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம் (எண் 36) வந்ததிலிருந்து நிலத்தடி நீர் யாருக்கும் சொந்தமில்லை. நாட்டின் நீர்வளம் முழுவதற்கும் மத்திய அரசு பொது அறங்காவலர். நிலமும் துளையும் பம்பும் உங்களுடையவை. தண்ணீரைப் பயன்படுத்த உங்களுக்கு அனுமதி மட்டுமே கிடைக்கும், அது நான்கு வழிகளில் வரும்: சட்டத்தின் இணைப்பான ஷெட்யூல் 1, ஏற்கெனவே இருந்துவரும் சட்டபூர்வப் பயன்பாடு, 'ஜெனரல் ஆத்தரைசேஷன்' என்னும் பொது அனுமதி, லைசென்ஸ். இரண்டாவது, சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் நடந்துவந்த பயன்பாட்டுக்கு உரியது. 2022இல் போட்ட துளைக்குப் பொருந்தாது.

ஷெட்யூல் 1 உங்கள் உறுப்பினர்கள் மனதில் இருப்பதற்கு நெருக்கமானது. ஒருவர் தன் வீட்டுத் தேவைக்கும், விற்பனைக்கில்லாத சிறு தோட்டத்துக்கும், மேய்ச்சல் கால்நடைக்கும் அனுமதி இல்லாமலே எடுக்கலாம். 'தன் வீட்டுத் தேவை' என்பதைக் கவனியுங்கள். அடுத்த வீடு அதில் வராது, அன்னதான மடைப்பள்ளியையும் அதில் திணிப்பது கடினம். அதே ஷெட்யூலில் இன்னொரு வரி இருக்கிறது: அவசர நிலையில் மனிதர் குடிக்கவும் தீயணைக்கவும் எந்த நீர்வளத்திலிருந்தும் எடுக்கலாம். வெள்ளத்துக்குப் பிறகு வாளியோடு வரிசையில் நின்றவர்களுக்கு நீங்கள் கொடுத்ததற்கு அந்த வரி துணை நிற்கிறது. குழாயில் தண்ணீர் திரும்பிய நாளோடு அந்தத் துணை முடிந்துவிட்டது. பேரிடர்க் காலத்து ஏற்பாட்டை அப்படியே நிரந்தரமாக்கிக்கொள்ளும் இடத்தில்தான் பல அறக்கட்டளைகள் அறியாமலே சட்டத்தை மீறுகின்றன.

அடுத்தது பொது அனுமதி. 2016 செப்டம்பர் 2 அன்று வெளியான அரசாணை 538இன்படி நாடு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு இத்தனை கன மீட்டர் என்று வரையறை இருக்கிறது. சில பகுதிகளில் அது பூஜ்யம், பிறகு 45, 75, 150 என ஏறி உச்சம் 400. ஒரு சொத்துக்கு மொத்தத்தில் ஆண்டுக்கு 40,000 கன மீட்டர் என்ற மேல்வரம்பும் உண்டு. சதுப்பு நிலம், ஆற்றங்கரை போன்றவற்றுக்கு அருகே எடுக்கத் தனிக் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. உங்கள் நிலம் எந்தப் பகுதி எண்ணில் வருகிறது என்பதை நீர் மற்றும் துப்புரவுத் துறையின் டர்பன் மண்டல அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். 60 வீடு, வீட்டுக்கு ஐந்து பேர், ஆளுக்கு நாளைக்கு 100 லிட்டர் என்றால் 30,000 லிட்டர், அதாவது 30 கன மீட்டர். ஆண்டுக்கு 10,950 கன மீட்டர். உங்கள் இரண்டு ஹெக்டேருக்கு 75 என்ற வரையறை இருந்தால் ஆண்டுக்கு 150 கன மீட்டர்தான் எடுக்கலாம். உச்சமான 400 கிடைத்தாலும் 800, நாளைக்கு சுமார் 2,200 லிட்டர். முதியோர் இல்லத்துக்கே அது போதுமா என்று பாருங்கள். பம்ப் எவ்வளவு தள்ளுகிறது என்பதை இந்த வரையறை பார்ப்பதே இல்லை. நிலத்தின் பரப்பையும், அந்தப் பகுதிக்கு மழையால் எவ்வளவு ஊறுகிறது என்பதையும்தான் பார்க்கிறது. நாளைக்கு 10 கன மீட்டருக்கு மேல் எடுப்பவர்கள் பொது அனுமதிக்குள் இருந்தாலும் பதிவு செய்தாக வேண்டும். ஆக, 60 வீட்டுத் திட்டத்துக்கு லைசென்ஸ் தவிர வேறு வழியில்லை.

லைசென்ஸ் விண்ணப்பம் இணையவழியில் போடப்படுகிறது. 2017 மார்ச்சில் வந்த நடைமுறை விதிகள் முழுச் சுற்றுக்கும் 300 நாள் வைத்திருக்கின்றன. காகிதம் குறைந்தால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலும் குறைவது நிலத்தடி நீரியல் வல்லுநரின் அறிக்கை. தகுதிப் பதிவு உள்ள வல்லுநராகப் பார்த்து அமர்த்துங்கள், துளை போட்டவரின் ரசீது அந்த இடத்தை நிரப்பாது. கிடைக்கும் லைசென்ஸின் காலம் அதிகபட்சம் 40 ஆண்டு, ஐந்து ஆண்டுக்குள் ஒருமுறை மறுபரிசீலனை உண்டு. துறை முதலில் ஒதுக்குவது 'ரிசர்வ்' எனப்படும் பங்கை: மக்களின் அடிப்படைத் தேவையும், ஆறும் ஊற்றும் உயிரோடிருக்க வேண்டிய அளவும். மிச்சம் இருந்தால்தான் மற்றவர்களுக்கு.

துளை போட்டவர் சொன்ன 5,000 லிட்டரை நம்பித் திட்டம் போடாதீர்கள். அது கம்ப்ரசர் காற்று ஊதும்போது மேலே பீய்ச்சி வந்த நீரின் அளவு. அந்த ஒரு மணி நேரம் பாறை வெடிப்புகளில் தேங்கியிருந்ததும் சேர்ந்து வந்திருக்கும். ஆண்டு முழுக்க நிற்கும் அளவு அதைவிடக் கணிசமாகக் குறையலாம். எஸ்ஏஎன்எஸ் எனப்படும் தென்னாப்பிரிக்கத் தேசியத் தரங்களில் 10299இன் நான்காம் பகுதிப்படி பம்ப் சோதனை செய்யச் சொல்லுங்கள். முதலில் படிப்படியாக வேகத்தைக் கூட்டி, படிக்கு ஒரு மணி நேரம் போல ஓட்டுவார்கள். பிறகு ஒரே வேகத்தில் குறைந்தது 24 மணி நேரம். பல குடும்பங்கள் நம்பியிருக்கும் துளை என்றால் 48 அல்லது 72 மணி நேரமே சரி. பம்பை நிறுத்தியபின் நீர்மட்டம் ஏறுவதையும் குறிக்க வேண்டும். செலவை மிச்சம் பிடிக்க இந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிடுவார்கள், விடாதீர்கள். ஓட்டிய நேரத்துக்குச் சமமான நேரம் கடந்தும் மட்டம் பழைய இடத்துக்கு வரவில்லை என்றால், அடியிலிருக்கும் சேமிப்பு சிறியது என்று பொருள். டர்பன் வட்டாரத்தில் பெரும்பாலும் தண்ணீர் கெட்டிப்பாறையின் வெடிப்புகளில்தான் நிற்கிறது. மட்டம் முக்கிய வெடிப்புக்குக் கீழே இறங்கினால் இரண்டு கேடு: வரத்து சட்டென்று விழும், வெடிப்புக்குள் காற்று புகுந்து இரும்பு துருவாகப் படிந்து வழியை அடைக்கும். ஓராண்டு நன்றாக ஓடிய போர்வெல் மறு ஆண்டு செந்நிற நீரைத் தருவதற்கு இதுவே வழக்கமான காரணம். சோதனை நடக்கும்போது பக்கத்து நிலத்தில் துளை இருந்தால் அதன் மட்டத்தையும் அளக்கச் சொல்லுங்கள். நாளை வழக்கு வந்தால் அந்த எண்தான் பேசும்.

இனி கொடுக்கும் பக்கம். 1997ஆம் ஆண்டின் நீர்ச் சேவைச் சட்டம் (எண் 108) சொல்வது இது: நீர்ச் சேவை அதிகாரம் உள்ள நகராட்சியின் ஒப்புதல் இன்றி யாரும் நீர் வழங்குநராகச் செயல்படக்கூடாது. டோங்காட்டுக்கு அந்த அதிகாரம் எதெக்வினி மாநகராட்சியிடம் இருக்கிறது. கட்டணம் வாங்காமல் கொடுத்தால் தப்பலாமா என்று கேட்பார்கள், தப்ப முடியாது. எடுத்து, கடத்தி, பகிர்ந்தாலே சேவைதான். டாங்கரில் ஏற்றி விற்பதற்கும் இதே விதி. இன்னொன்று பலருக்குத் தெரியாது: பிரிவு 6இன்படி, நகராட்சி நியமித்த வழங்குநரை விட்டு வேறு இடத்திலிருந்து நீர்ச் சேவை பெறுபவருக்கும் ஒப்புதல் வேண்டும். உங்கள் குழாயை வாங்கிக்கொள்ளும் அந்த 60 குடும்பங்களையும் சேர்த்தே நீங்கள் சிக்கலில் மாட்டிவிடுகிறீர்கள்.

முதியோர் இல்லத்தின் நிலை வேறு. அங்கே தங்கியிருப்பவருக்குத் தண்ணீர் கொடுப்பது, இடமும் பராமரிப்பும் தருகிற ஒப்பந்தத்தின் துணைக் கடமை. இப்படிப்பட்டவரைச் சட்டம் 'இடைநிலையாளர்' என்கிறது. நகராட்சி பதிவு கேட்கலாம், தரமும் அளவும் காப்பது உங்கள் பொறுப்பு. வழங்குநராக ஒப்புதல் பெறுவதோடு ஒப்பிட்டால் எளிது.

வழங்குநர் ஆகிவிட்டால் 2001 ஜூன் 8 விதிமுறைகளின் குறைந்தபட்ச அளவுகளும் தலையில் ஏறும். ஆளுக்கு நாளைக்கு 25 லிட்டர் அல்லது வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர், நிமிடத்துக்கு 10 லிட்டருக்குக் குறையாத வரத்து, வீட்டிலிருந்து 200 மீட்டருக்குள் குழாய், ஆண்டில் மொத்தம் ஏழு நாளுக்கு மேல் யாருக்கும் தண்ணீர் நிற்கக்கூடாது. ஒரே துளை, ஒரே பம்ப் வைத்திருப்பவருக்குக் கடைசி நிபந்தனை கடினம். பம்ப் எரிந்து, மின்வெட்டும் சேர்ந்தால் ஏழு நாள் ஓடிவிடும். குடிநீர்த் தரம் எஸ்ஏஎன்எஸ் 241. மலக்கலப்பைக் காட்டும் ஈ-கோலை பாக்டீரியா 100 மில்லிலிட்டரில் ஒன்றும் இருக்கக்கூடாது, நைட்ரேட் நைட்ரஜனாக லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்குள், ஃபுளோரைடு 1.5க்குள். இரும்பு 2 மில்லிகிராம் வரை உடம்புக்குக் கேடில்லை என்று வைத்தாலும் 0.3ஐத் தாண்டினாலே வெள்ளை வேட்டியில் கறை ஏறும். மாநகராட்சிக் குழாயோடு உங்கள் குழாயை எங்கும் இணைக்காதீர்கள், வால்வு போட்டுக்கூட வேண்டாம். மாநகராட்சி நீரைத் தொட்டிக்கு மேலே காற்று இடைவெளி விட்டு விழச் செய்வதுதான் பத்திரம்.

அடுத்து, நிலத்துக்குள் திருப்பி விடுவது. கூரை மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்த ஷெட்யூல் 1 நேராகவே இடம் தருகிறது. கழிவுநீர் விஷயத்தில் சட்டம் கண்டிப்பானது. கழிவையோ கழிவு கலந்த நீரையோ வேண்டுமென்றே நிலத்தடிக்குள் செலுத்துவது தேசிய நீர்ச் சட்டத்தின் பிரிவு 37இன்படி 'கட்டுப்படுத்தப்பட்ட செயல்'. தனி அனுமதி வேண்டும், சுத்திகரித்த நீருக்கும்தான். கார் நிறுத்துமிடத்தில் எண்ணெயோடு வழியும் மழைநீரும் அதில் சிக்கிவிடலாம்.

உள்ளே விட்ட அளவை எடுத்துக்கொள்ளும் உரிமை தானாக வராது. நீங்கள் விட்ட நீர் நிலத்துக்குள் போனதும் பொது நீர்வளத்தில் சேர்ந்துவிடுகிறது. லைசென்ஸில் 'இவ்வளவு செலுத்தி, இவ்வளவு எடுக்கலாம்' என்று எழுதியிருந்தால்தான் உண்டு. இந்த நாட்டில் இதைப் பெரிய அளவில் செய்துகாட்டிய இடம் கேப்டவுனுக்கு வடக்கே உள்ள அட்லாண்டிஸ். 1979 முதல் மழைவடிகால் நீரையும் சுத்திகரித்த வீட்டுக் கழிவுநீரையும் மணற்படுகைக் குளங்களில் ஊறவிட்டு மறுபடி எடுக்கிறார்கள். தொழிற்சாலைப் பக்கத்து நீரை அதில் கலக்காமல் கடலோரக் குளங்களுக்குத் தள்ளி, உப்புநீர் உள்ளே ஏறாமல் தடுக்கப் பயன்படுத்துகிறார்கள். அவ்வளவு கவனத்துக்குப் பிறகும் இரும்பு படிந்து அங்கே துளைகள் அடைத்துக்கொண்டன. அது மணல், உங்களுடையது பாறை வெடிப்பு. ஒருமுறை அடைத்தால் திறப்பது அரிது.

உங்கள் கூரைக்கும் கணக்குப் பார்ப்போம். டர்பன் கரையோரத்தில் ஆண்டு மழை ஏறக்குறைய 1,000 மில்லிமீட்டர். மண்டபக் கூரை 500 சதுர மீட்டர் என்று வைத்து, ஐந்தில் ஒரு பங்கு சிந்தலுக்குக் கழித்தால் ஆண்டுக்கு 400 கன மீட்டர் கிடைக்கும். 60 வீட்டுத் தேவையில் அது நான்கு சதவீதம்கூட இல்லை, ஆனால் கோயில் கழுவலுக்கும் தோட்டத்துக்கும் தாராளம். எனவே அதை நிலத்துக்குள் விடாமல் 10,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டிகளில் பிடியுங்கள். ஒவ்வொரு மழையிலும் முதல் இரண்டு மில்லிமீட்டரை, அதாவது அந்தக் கூரைக்கு 1,000 லிட்டரை, வெளியே தள்ளிவிடுங்கள். பறவை எச்சமும் தூசியும் அதில்தான் வரும். தைப்பூசக் காவடி போன்ற பெருங்கூட்ட நாட்களுக்குத் தொட்டிகளை முன்கூட்டியே நிரப்பி வைத்தால், ஒரே நாளில் போர்வெல்லை வறுத்தெடுக்க வேண்டியிருக்காது.

என் பரிந்துரை: 60 வீட்டுக் குழாயை இப்போது கைவிடுங்கள். முதியோர் இல்லத்தையும் மடைப்பள்ளியையும் பொது அனுமதிக்குள் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள், முடியாவிட்டால் அவற்றுக்கு மட்டும் லைசென்ஸ் கேளுங்கள். அக்கம்பக்கத்துக்கு, குழாய் நிற்கும் நாட்களில் மட்டும் வாசலில் ஒரு பொதுக்குழாய் திறப்பது என்று மாநகராட்சியோடு எழுத்தில் உடன்பாடு செய்யுங்கள். அனுமதியின்றி எடுப்பது தேசிய நீர்ச் சட்டத்தின் பிரிவு 151இன்படிக் குற்றம். முதல் தடவைக்கு அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி நடந்தால் சிறை பத்து ஆண்டு வரை போகும். அறக்கட்டளை என்பதற்காக விலக்கு இல்லை.

விண்ணப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டியது ஒன்று உண்டு. பம்ப் வெளியேற்றுக் குழாயில் ஒரு மீட்டர் மாட்டி, மாதக் கடைசியில் எண்ணைக் குறித்துவையுங்கள். அடுத்த முறை பம்பை மேலே தூக்கும்போது, ஏற்றுக்குழாயோடு 20 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குழாய் ஒன்றையும் பம்ப் வரை கட்டி இறக்குங்கள். அதற்குள் அளவுநாடாவை விட்டால் கேபிளில் சிக்காமல் நீர்மட்டம் அளக்கலாம். வாரம் ஒருமுறை, விடியற்காலையில், பம்ப் ஓடுவதற்கு முன் அளந்து தேதியோடு எழுதுங்கள். ஒரு ஆண்டுக் குறிப்பு கையில் இருந்தால் வல்லுநருக்கு வேலை பாதியாகக் குறையும், துறை கேட்கும் பாதிக் கேள்விகளுக்குப் பதிலும் அதிலேயே இருக்கும்.