எங்கள் சனத்தில் இல்லாத பழக்கமா?

வணக்கம் அம்மா,

நான் விசுவமடுவில் இருக்கிறேன். வயது 24. கிளிநொச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. கையில் ஒரு மயிலிறகு பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று நீண்டகால ஆசை. யாழ்ப்பாணத்தில் ஒரு கடையும் பார்த்து வைத்திருக்கிறேன். இடது முன்கையில் சின்ன வயதில் பட்ட ஷெல் காயத்தின் தழும்பு இருக்கிறது. அதன் மேலேயே குத்தி அதை மறைத்துவிடலாமா? எவ்வளவு நோகும்? பிறகு எத்தனை நாள் கவனமாக இருக்க வேண்டும்? அரசாங்க வேலைக்குப் போனால் தடையாகுமா? என் அம்மாவிடம் மெதுவாகக் கதைத்துப் பார்த்தேன். "எங்கள் சனத்தில் இல்லாத பழக்கம், வெளிநாட்டுக்காரரைப் பார்த்துப் பழகியது" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. அவர் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோலத் தெரிகிறது. உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

வாசகி, விசுவமடு

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் மயிலிறகு அல்ல, உங்கள் அம்மா சொன்ன வசனம். எங்கள் சனத்தில் இல்லாத பழக்கம். சில வாரங்களாக இந்த வசனத்தோடுதான் நான் மனதுக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு வருகிறேன். நீங்கள் கேட்டவற்றை முதலில் சொல்லி முடிக்கிறேன். பிறகு என்றால் விட்டுப்போகும்.

நோகும். ஊசி மேல்தோலைத் தாண்டி, ஒன்று இரண்டு மில்லிமீற்றர் ஆழத்தில் மையை இறக்குகிறது. நோகாமல் எப்படி இருக்கும்? கோடு இழுக்கும்போது சூடான முள்ளால் கீறுவதுபோல எரியும், நிறம் நிரப்பும்போது அந்த எரிவு ஒரேயிடத்தில் நின்று அரிக்கும். முன்கையின் வெளிப்புறத்தில் பெரும்பாலானோர் தாங்கிக்கொள்கிறார்கள். மணிக்கட்டின் உட்புறமும் எலும்பு தட்டும் இடங்களும் கடுமை. வெறும் வயிற்றோடு போய் உட்காராதீர்கள், மயக்கம் வரும்.

அரசாங்க வேலை பற்றிய கேள்வியை நான் ஒதுக்கிவைக்கிறேன். இன்னும் வராத நேர்முகத் தேர்வு ஒன்றுக்குப் பயந்து தன் கையைக் கட்டிப்போடுகிற வயது 24 அல்ல. சட்டைக் கைக்குள் மறைகிற இடத்தில் குத்துங்கள். ஆனால் தெய்வ உருவங்கள் வேண்டாம். 2014ஆம் ஆண்டு, கையில் புத்தர் உருவம் குத்தியிருந்த பிரித்தானியப் பெண் ஒருவரைக் கட்டுநாயக்க விமான நிலையத்தில் பிடித்து, தடுப்பில் வைத்து, நாட்டை விட்டு அனுப்பினார்கள். 2017இல் உயர் நீதிமன்றம் அவருக்கு நட்டஈடு கொடுக்கச் சொன்னது. நீதி கிடைத்ததுதான். ஆனாலும் இடையில் மூன்று ஆண்டுகள் போயிருந்தன. மயிலிறகில் அந்தச் சிக்கல் இல்லை.

குத்திய பிறகு அது ஒரு புண். அதை அலங்காரமாக நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரியும் பிள்ளைகள்தான் பிறகு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கிறார்கள். முதல் இரண்டு மூன்று நாள் சிவந்து, வீங்கி, நீர் கசியும். கையை நன்றாகக் கழுவிவிட்டு, குத்திய இடத்தை மணமில்லாத சவர்க்காரத்தால் மெதுவாகக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்கக் கூடாது. பிறகு தோல் உரியும், அரிப்பு உயிரை எடுக்கும். சொறிந்தால் நிறம் அந்த இடத்தில் போய்விடும். மேல்தோல் ஆற இரண்டு மூன்று கிழமை எடுக்கும், உள்ளே ஆறுவதற்கு அதைவிடக் கூடுதல் காலம் வேண்டும். அதுவரை குளத்தில் முழுகாதீர்கள், கடலில் இறங்காதீர்கள், வயல் சேற்றில் கை வைக்காதீர்கள். நேர் வெயிலும் படக் கூடாது. யாராவது மஞ்சளை அரைத்துக்கொண்டு வருவார்கள், அன்போடு மறுத்துவிடுங்கள். சிவப்பு பரவினாலோ, சூடு ஏறினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் வைத்தியரிடம் போங்கள்.

தழும்பைப் பற்றிக் கேட்டீர்கள். இதில் எனக்குக் கவலை இருக்கிறது. தழும்புத் தோல் சாதாரணத் தோல் மாதிரி மையை வாங்காது, ஓரிடத்தில் குடித்து ஓரிடத்தில் பரவும். உங்கள் காயம் ஆறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் ஒரு தடை நீங்கியது. ஆனால் அந்தத் தழும்பு காயத்தின் எல்லையைத் தாண்டி மேடாக வளர்ந்திருக்கிறதா? இன்னும் அரிக்கிறதா? அப்படியென்றால் அது வளரும் தழும்பு. எங்களைப் போன்ற கறுத்த தோல்காரருக்கு அது வருவது கூடுதல். அங்கே ஊசி போட்டால் இன்னும் பெரிதாக வளரலாம். இன்னொன்று, அழுத்திப் பார்த்தால் உள்ளே கட்டியாக ஏதாவது தட்டுப்படுகிறதா? வன்னியில் ஷெல் துண்டை உடம்புக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வருகிற சனம் எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் அந்த இடத்தில் யாரையும் ஊசி வைக்க விடாதீர்கள்.

மறைக்க வேண்டும் என்ற காரணத்தை நீங்கள் எழுதவில்லை. நானும் தோண்டவில்லை. யுத்தம் முடிந்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் தழும்பைப் பார்த்தே ஆளை இறக்கி விசாரித்தார்கள். அப்போது மறைத்த பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். இப்போது மறைக்கச் சொல்வது பெண் பார்க்க வருகிறவர்கள் என்றால், அவர்களுக்காக ஒரு சொட்டு மையும் செலவழிக்க வேண்டாம். உங்களுக்கே அந்த இடத்தில் மயிலிறகைப் பார்க்க ஆசை என்றால் அது வேறு கதை. அது உங்கள் உரிமை.

இனி அம்மாவின் வசனத்துக்கு வருகிறேன்.

அண்மையில் கிளிநொச்சி பாரதிபுரத்தில் ஒரு மரண வீட்டுக்குப் போயிருந்தேன். இறந்தவர் தொண்ணூறை எட்டிய மூதாட்டி. உடம்பைக் கழுவும்போது இரண்டு முன்கைகளிலும் பச்சை தெரிந்தது. புள்ளிக் கோலம் ஒன்று, தேள் ஒன்று, கொஞ்சம் அழிந்துபோன எழுத்துகள். நின்ற இளம்பெண்களில் ஒருத்தி கேட்டாள், "இது என்ன நோய்?" பேத்திமார் உட்பட ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அன்றிலிருந்து எனக்கு நித்திரை குழம்பிப்போயிருக்கிறது.

என் சிறுவயதில் எங்கள் வளவுக்கு அடுத்த துண்டுக் காணியில் ஒரு குடும்பம் வந்து குடிசை போட்டது. 1977 ஆவணி வன்செயலில் மலைநாட்டிலிருந்து துரத்தப்பட்டு, உடுத்த துணியோடு வந்தவர்கள். அந்த வீட்டுப் பாட்டியின் கைகள்தான் நான் முதன்முதலில் உற்றுப் பார்த்த சித்திரம். வேலை முடிந்து அவர் திண்ணையில் சாயும்போது நான் பக்கத்தில் இருந்து அந்தக் கோலத்தை விரலால் தொடர்ந்துகொண்டே போவேன். திருச்சிப் பக்கத்துக் கிராமமொன்றில், பத்து வயதில், ஊருக்கு வந்த குறத்தி ஒருத்தி குத்தியதாம். விளக்குக் கரியை இலைச்சாற்றில் குழைத்து, ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, நோவு தெரியாமலிருக்கப் பாட்டுப் பாடிக்கொண்டே குத்தினாளாம். அந்தப் பாட்டை எனக்கு முணுமுணுத்துக் காட்டுவார். கரி கறுப்புத்தானே, எப்படிப் பச்சையானது என்று கேட்பேன். அவருக்குத் தெரியாது. தோலுக்கு அடியில் கிடக்கும் கறுப்பிலிருந்து எங்கள் கண்ணுக்கு நீலமும் பச்சையுமே திரும்பி வருகின்றன என்பதைப் பிறகு படித்தேன். அந்த நிறம் ஏன் ஆயுள் முழுக்க நிற்கிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. உடம்பின் காவல் கலங்கள் மையை விழுங்கி வைத்துக்கொள்கின்றன. ஒரு கலம் இறந்தால் அது விட்ட மையை அடுத்த கலம் எடுத்துக்கொள்கிறது. 2018இல் பிரான்சில் எலிகளை வைத்துச் செய்த ஆய்வில் இதைக் காட்டினார்கள்.

பாட்டிக்கு இந்த விளக்கம் ஒன்றும் தேவைப்படவில்லை. "போட்ட நகை எல்லாத்தையும் கழட்டிட்டுத்தான் எரிப்பாங்க. இதை யாராலயும் கழட்ட முடியாது" என்பார். 2009இல், யுத்தத்தின் கடைசி மாதங்களில், மாத்தளன், பொக்கணைக் கரையில் சனம் தோட்டையும் காப்பையும் அரிசிக்கும் பால்மாவுக்கும் கழற்றிக் கொடுத்தபோது அந்த வசனம் எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது.

எங்கள் சனம் என்று உங்கள் அம்மா யாரைச் சொல்கிறார்? இந்தக் கேள்வியை நான் இலேசில் விடப் போவதில்லை. பாரதிபுரம், மலையாளபுரம், தொண்டமான்நகர், உங்கள் விசுவமடு, தர்மபுரம் என்று கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்கள் எங்கும் மலையகத்திலிருந்து வந்தவர்கள் குடியிருக்கிறார்கள். தோட்ட வேலைக்கென்று வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சனத்தின் வழிவந்தவர்கள். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தார்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வன்னிக்கு வந்து காடு வெட்டினார்கள், எங்கள் வயல்களில் கூலிக்கு நின்றார்கள், எல்லோரோடும் சேர்ந்து முள்ளிவாய்க்கால் வரை நடந்தார்கள், பிள்ளைகளை இழந்தார்கள். ஆனால் காணி உறுதி என்று வரும்போதும் கலியாணம் என்று வரும்போதும் அவர்களுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் "தோட்டக்காட்டார்". பள்ளிக்கூடத்தில் அந்தப் பாட்டியின் பேரனை அந்தப் பச்சைக் கைகளைச் சொல்லித்தான் கேலி செய்தார்கள். அவன் பாட்டியைப் பள்ளிக்கூட வாசலுக்கு வர வேண்டாம் என்று தடுத்தான். அதன் பிறகு அவர் வெயிலிலும் சேலைத் தலைப்பால் முன்கையை மூடிக்கொண்டு நடந்தார்.

ஆகவே பழக்கம் இல்லை என்று சொல்லாதீர்கள். இருந்தது. இந்த மண்ணில், உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தது. அதைச் சுமந்தவர்களை எங்கள் சனம் என்று எண்ணாதபடியால்தான் இல்லை என்று சொல்ல முடிகிறது. கூச்சத்தில் தன் பூர்வீகத்தை மறைத்துக்கொண்ட குடும்பங்களும் இங்கே உண்டு. உங்கள் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. நீங்கள் கேட்டதுண்டா? அம்மம்மாவின் அம்மாவின் கைகளை யாராவது பார்த்ததுண்டா?

வெளிநாட்டுக்காரரைப் பார்த்துப் பழகியது என்கிறார் அம்மா. மின்னால் ஓடும் பச்சை குத்தும் இயந்திரத்துக்கு 1891இல் நியூயோர்க்கைச் சேர்ந்த ஒருவருக்கு அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்தார்கள் என்பது உண்மை. தையல் இயந்திரமும் கடல் கடந்து வந்ததுதான். அதில் அவர் உங்களுக்குச் சட்டை தைத்தபோது அது வெள்ளைக்காரச் சட்டையாகிவிட்டதா?

அம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள். இரண்டு நாள் முகம் கொடுக்காதவர் மூன்றாம் நாள் சோறு போட்டிருப்பார், எனக்குத் தெரியும். வெட்டுக்கும் தையலுக்கும் உங்களைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்க்கு, அந்தக் கையில் இன்னொருவர் ஊசி வைப்பது சகிக்காது. அதைப் பழக்கம், கலாசாரம் என்ற சொற்களில் சொல்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அவரையும் கூட்டிக்கொண்டு உங்கள் ஊரில் பச்சையோடு இருக்கும் மூதாட்டிகளைத் தேடிப் போங்கள். கைகளைக் காட்டச் சொல்லுங்கள். எந்த ஊரில் குத்தியது, யார் குத்தியது, என்ன பாட்டு என்று கேட்டு எழுதி வையுங்கள். அனுமதித்தால் படமும் எடுங்கள். மயிலிறகுதான் வேண்டுமா, வேறொன்றா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள். மயிலிறகு என்றே வந்தாலும் எனக்குச் சம்மதம்தான். அவசரப்பட வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. லேசரால் அழிக்கப் பல தடவை போக வேண்டும், செலவு பெரிது, எங்கள் தோலில் வெளிறிய வடு விழவும் கூடும்.

அந்தக் குறத்தி எத்தனை பேருக்கு ஒரே ஊசியால் குத்தினாளோ, அது அந்தக் காலம். இதில் மட்டும் பழைமையைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். ஹெப்பற்றைற்றிஸ் பி, சி, எச்.ஐ.வி. எல்லாம் ஊசியில் தொற்றும். ஹெப்பற்றைற்றிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இரத்ததானம் செய்கிறவர் என்றால், குத்திய பிறகு எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும் என்று இரத்த வங்கியில் கேளுங்கள். கடையில் முத்திரை உடைக்காத ஊசிப் பொதியை உங்கள் கண்முன்னே பிரிக்க வேண்டும். மையைச் சின்னக் கிண்ணத்தில் உங்களுக்கென்று தனியாக ஊற்ற வேண்டும், மிஞ்சியதைப் போத்தலில் திருப்பி ஊற்றக் கூடாது. கையுறையோடு தொலைபேசியைத் தொட்டுவிட்டு, அதை மாற்றாமல் மீண்டும் உங்கள் கையைப் பிடித்தால் எழுந்து வந்துவிடுங்கள். கட்டிய முற்பணம் போனால் போகட்டும்.