முத்ராவா, மானியக் கடனா: எதை முதலில் வாங்குவது?

கேள்வி: குலசேகரம் பக்கம் ஒரு சிப்ஸ் கம்பெனியில் 6 வருடமாக வறுக்கும் வேலை செய்கிறேன். சொந்தமாக ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் யூனிட் போட 6 லட்சம் வேண்டும்: மிஷின்களுக்கு 4, காயும் எண்ணெயும் வாங்க 2. முத்ரா லோனில் தொடங்கிவிட்டு, பிறகு பெண்களுக்கான மானியத்துக்கு எழுதிப்போடலாம் என்கிறார்கள். சரியா?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். முத்ராவில் மானியம் கிடையாது. மானியம் தரும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டமோ புதிய தொழிலுக்கு மட்டும்தான். முத்ராவில் யூனிட் ஓடத் தொடங்கிவிட்டால் அது பழைய தொழில். அந்தக் கதவு அத்தோடு அடைபட்டுவிடும்.

இந்தத் திட்டத்தில் பெண்கள் சிறப்புப் பிரிவு. 6 லட்சத்தில் உங்கள் பங்கு 5%, அதாவது 30,000. மீதி 5,70,000 வங்கிக் கடன். கிராமப்புறம் என்றால் மானியம் 35%, 2,10,000 ரூபாய். நகர்ப்புறம் என்றால் 25%, 1,50,000 ரூபாய். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பேரூராட்சிகள் அதிகம். யூனிட் வைக்கும் இடம் எந்தக் கணக்கில் வருகிறது என்று நாகர்கோவில் கோணத்திலுள்ள மாவட்டத் தொழில் மையத்தில் கேட்ட பிறகு வாடகை அட்வான்ஸ் கொடுங்கள். வித்தியாசம் 60,000 ரூபாய்.

மானியம் கையில் வராது. உங்கள் பெயரில் 3 வருடம் வங்கியில் வைப்பாகக் கிடக்கும். யூனிட் ஓடுகிறதா என்று நேரில் பார்த்த பிறகே கடனில் கழிப்பார்கள். அந்த வைப்புக்கு வட்டி கிடையாது, அதே அளவு கடனுக்கும் வங்கி வட்டி போடக்கூடாது. ஸ்டேட்மென்ட் வாங்கி இதைச் சரிபாருங்கள். 35% கிடைத்தால் உண்மையில் நீங்கள் அடைப்பது 3,60,000. 11% வட்டி, 5 வருடம் என்றால் மாதம் சுமார் 7,830 ரூபாய்.

பலர் சறுக்குவது நடைமுறை மூலதனத்தில்தான், அதாவது காயும் எண்ணெயும் வாங்க வங்கி தரும் பணத்தில். அந்த 2 லட்சம் வரம்பில் 75%-க்குக் குறையாமல் புழங்க வேண்டும். 3 வருடத்துக்குள் ஒரு தடவையாவது முழுவதையும் எடுத்திருக்க வேண்டும். கடன் ஏறக்கூடாது என்று பயந்து எடுக்காமல் வைத்தால் மானியத்தில் சிக்கல் வரும். உங்களுக்கு இயல்பாகவே வாய்ப்பு ஓணத்தை ஒட்டி வருகிறது. கேரளத்தில் தேவை கூடி ஏத்தன் விலை ஏறும். காய்க்கும் எண்ணெய்க்கும் கூடுதல் பணம் வேண்டும். வரம்பை அப்போது முழுவதும் எடுத்து, வசூல் வந்ததும் கட்டுங்கள். ஆனால் கடைக்காரர்களுக்குக் கடனாகக் கொடுத்துப் பணத்தை முடக்காதீர்கள். ஓணம் முடிந்தால் வசூல் இழுக்கும், வட்டி ஓடிக்கொண்டே இருக்கும்.

விண்ணப்பம் ஆன்லைனில், கட்டணம் இல்லை. ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். உற்பத்தித் தொழிலில் 10 லட்சம் வரை படிப்புத் தகுதி கேட்க மாட்டார்கள். மிஷின் கொட்டேஷன் ஜிஎஸ்டி எண்ணோடு இருக்கட்டும். நிலம் வாங்கும் செலவைத் திட்டத்தில் எழுதாதீர்கள், சேராது. இந்த அளவுள்ள சிறுதொழில் கடனுக்கு வங்கி சொத்து ஜாமீன் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. பத்திரம் கேட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தொழில்முனைவோர் பயிற்சியை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். அது தாமதமானால் வங்கி மானியம் கோருவதும் தாமதமாகும். அதுவரை முழுக் கடனுக்கும் வட்டி உங்கள் தலையில்.

உங்கள் கணவர் இதே திட்டத்தில் ஏற்கெனவே கடன் வாங்கியிருந்தால் உங்களுக்குக் கிடைக்காது, குடும்பத்துக்கு ஒருவர்தான். அதை முதலில் வீட்டில் கேட்டுவிட்டு, பிறகு கோணத்துக்குப் போங்கள்.