ஜென்னி சாவில் சாயலில் ஓர் அப்பாயி

கேள்வி: ஓவியக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பிரிட்டிஷ் ஓவியர்கள் ஜென்னி சாவில், லூசியன் ஃப்ராய்டு இருவர் என்றால் எனக்கு உயிர். இந்த செமஸ்டருக்கு எங்கள் அப்பாயியை ஆறடி கேன்வாஸில் ஆயிலில் வரைந்தேன். சார் பார்த்துவிட்டு, "இது சாவில் படம், உன் படம் எங்கே?" என்று கேட்டுவிட்டார். இனி அடுத்தவர் படங்களைப் பார்க்காமலே இருந்துவிடலாமா?
– ஒரு மாணவி, கும்பகோணம்

பதில்: வேண்டவே வேண்டாம். இன்னும் நிறையப் பாருங்கள். படத்தோடு நிற்காமல், அதை அவர்கள் எப்படி வரைந்தார்கள் என்பதையும் தேடிப் படியுங்கள்.

உங்கள் ஃப்ராய்டையே எடுத்துக்கொள்வோம். 1940களில் அவருக்கு ஓவியர் ஃப்ரான்சிஸ் பேக்கனின் நட்பு கிடைத்தது. பேக்கன் பெயிண்டைக் கையாண்ட துணிச்சல் அவரை உலுக்கிவிட்டது. அதுவரை உட்கார்ந்தபடி மெல்லிய சேபிள் பிரஷ்ஷால் இழை இழையாக வரைந்துகொண்டிருந்தவர், 1950களில் முரட்டுப் பன்றிமுடி பிரஷ்ஷை எடுத்தார். எழுந்து நின்று வரைய ஆரம்பித்தார். பேக்கனிடமிருந்து அவருக்கு வந்தது இதுதான். பேக்கன் பெரும்பாலும் போட்டோவை வைத்து வரைந்தவர். ஃப்ராய்டோ ஆளை எதிரே உட்காரவைத்துத்தான் வரைந்தார். ஓவியர் டேவிட் ஹாக்னி அவருக்காக நூறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்கிறார்! இருவர் படங்களையும் பக்கத்தில் வைத்தால் யாரும் குழம்ப மாட்டார்கள்.

சாவிலுக்கும் ஃப்ராய்டு பிடிக்கும். ஆனால் 1992-ல் சாவில் வரைந்த 'ப்ராப்ட்' என்ற படம் ஏழடி உயரம் இருப்பதற்குக் காரணம் வேறு: ஆண்கள் காலங்காலமாக வரைந்த பெண்ணுடலை, அந்த உடலுக்குச் சொந்தக்காரியாக நின்று, பார்ப்பவர் தலைக்கு மேலே எழுப்புகிறார். அப்புறம் நியூயார்க்கில் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் அறுவை செய்வதைக் கூடவே நின்று பார்த்திருக்கிறார். சாவிலின் தடித்த பெயிண்டுக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. உங்கள் அப்பாயி ஏன் ஆறடி? பதில் இருந்தால் சாரிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த படத்தை ஒரு அடியில் வரைந்து பாருங்கள்.

நிறத்தில்தான் நீங்கள் மாட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. சாவிலின் இளஞ்சிவப்பும் நீலச் சாம்பலும் வெள்ளைத் தோலைப் பார்த்துப் பிறந்தவை. அதே கலவையில் நம் ஊர்க் கறுப்பை வரைந்தால் முகம் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துப்போகும். வெளிச்சம் காட்ட வெள்ளையை அள்ளிக் கலப்பதை முதலில் நிறுத்துங்கள். பர்ன்ட் சியென்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரைன் (அடர்நீலம்), கொஞ்சம் ஓக்கர் (மண் மஞ்சள்) என்று தொடங்கி, அப்பாயியை ஜன்னலோரம் உட்காரவைத்துக் கன்னத்து மேட்டைப் பாருங்கள். வானத்தின் நீலம் அங்கே வந்து உட்கார்ந்திருக்கும். அதை எந்த ஓவியரின் புத்தகமும் உங்களுக்குக் காட்டித் தராது.

அமெரிக்க ஓவியர் ஏமி ஷெரால்டு கறுப்பினத்தவரின் தோலைச் சாம்பல் நிறத்திலேயே வரைகிறார். 2018-ல் வெளியான மிஷெல் ஒபாமா படத்திலும் அப்படித்தான். நிறத்தை வைத்து ஆளை எடைபோடும் பார்வையைக் கழற்றிவிட அவர் கண்டுபிடித்த வழி அது. பார்க்க அழகாக இருக்கிறதே என்று நீங்களும் சாம்பலை எடுத்தால், சார் மறுபடியும் அதே கேள்வியைத்தான் கேட்பார்.

நகலெடுப்பதில் தப்பே இல்லை. ஸ்கெட்ச் புத்தகத்தில் சாவிலை வரிக்கு வரி நகலெடுங்கள், கைக்கு நல்ல பயிற்சி. செமஸ்டர் படத்தையும் தூக்கிப் போட வேண்டாம். அதோடு கொடுக்கும் குறிப்பில் சாவில் பெயரை நீங்களே எழுதிவிடுங்கள். சார்தான் கண்டுபிடித்துவிட்டாரே, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?