ரேடியோல கேட்டது, ரோம்ல சொன்னது: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

கே: கத்தோலிக்க ரேடியோல ஒருத்தர் சொன்னா அது திருச்சபை சொன்ன மாதிரிதானே?

ப: இல்லங்க. திருச்சபை சட்டம் 216 படி, அதிகாரம் உள்ளவங்க சம்மதம் இல்லாம எந்த அமைப்பும், பணியும் "கத்தோலிக்க"ன்னு பேர் வச்சுக்கக் கூடாது. ஆனா அந்த சம்மதம் பேருக்குத்தான், மைக்ல பேசுற ஒவ்வொரு வார்த்தைக்கும் இல்ல. 1931ல மார்க்கோனி அமைச்சுக் குடுத்த வத்திக்கான் வானொலியிலயே திருத்தந்தை பேசுறது வேற, நிகழ்ச்சி நடத்துறவர் பேசுறது வேற. நான் எப்பவும் சொல்றதுதான், மூல ஆவணத்த படிங்க, யார் கையெழுத்துன்னு பாருங்க.

கே: ஞாயிறு பூசைய ரேடியோல கேட்டா போதுமா?

ப: போக முடிஞ்சவங்களுக்கு போதாது. படுத்த படுக்கையா இருக்கவங்களுக்கு ஞாயிறு பூசைக்குப் போற கடமையே இல்ல, அவங்க கேக்குறது ரொம்ப நல்லது.

கே: மாதாவ "இணை மீட்பர்"னு, அதாவது கிறிஸ்துவோட சேர்ந்து நம்மள மீட்டவர்னு, சொல்லக் கூடாதுன்னு ரோம்ல சொல்லிட்டாங்களாம், ரேடியோல ஒருத்தர் தழுதழுத்துப் பேசினார். மாதாவ கீழ இறக்கிட்டாங்களா?

ப: எனக்கும் ஜெபமாலைதான் உயிர், அதனால இத கொஞ்சம் விரிவா சொல்றேன். 2025 நவம்பர் 4ல வத்திக்கானோட விசுவாசக் கோட்பாட்டுத் துறை ஒரு குறிப்பு வெளியிட்டுச்சு, அதோட தலைவர் கர்தினால் ஃபெர்னாண்டஸ் கையெழுத்து, திருத்தந்தை 14ஆம் லியோ ஒப்புதல். அதுல "இணை மீட்பர்"ங்கற பட்டம் பொருத்தமில்லன்னு சொன்னாங்க, ஏன்னா மீட்பர் கிறிஸ்து ஒருத்தரே, அந்தப் பேர சொன்னா ஒவ்வொரு தடவையும் கூடவே விளக்கம் குடுக்க வேண்டியிருக்கு, அப்படிப்பட்ட பேரு விசுவாசிகளுக்கு உதவாதுங்கறாங்க. 431ல எபேசுல கூடின ஆயர்கள் சங்கம் உறுதிப்படுத்துன "கடவுளின் தாய்", 1854ல அறிவிச்ச அமலோற்பவம் (மாதா பிறவிப் பாவம் இல்லாம கருவானது), 1950ல அறிவிச்ச விண்ணேற்பு (மாதா உடலோட விண்ணகம் போனது), எதையும் தொடல. அந்தக் குறிப்போட பேரே "விசுவாச மக்களின் தாய்"தாங்க!

கே: போப் இரண்டாம் ஜான் பால் அந்தப் பேர சொல்லியிருக்காரே? அவர் தப்பா?

ப: சொல்லியிருக்கார், குறிப்பே அத ஒத்துக்குது. ஆனா அத கோட்பாடா அறிவிக்கலாமான்னு 1996ல கேட்டப்ப, அப்போ அந்தத் துறைக்குத் தலைவரா இருந்த ராட்சிங்கர் குடுத்த பதில் "வேண்டாம்". அவர்தான் பின்னாடி போப் 16ஆம் பெனடிக்ட். இது நேத்து முளைச்ச விஷயம் இல்லங்க, அந்த ரேடியோக்காரர் இத சொல்லாம விட்டதுதான் எனக்கு வருத்தம்.

கே: மாதா பக்திய தடை பண்ணிட்டாங்களாமே?

ப: மேல இருக்கு, படிங்க.

கே: மாதா விஷயத்துல போப் ஏன் இப்படி...

ப: ரெண்டு தடவ எழுதிட்டேன். மூல ஆவணம், மூல ஆவணம்!

கே: லியோ போப் குரல்லயே ஒரு ஆடியோ வந்துச்சு, கர்தினால்கள திட்டுறார்.

ப: ஏஐ போலிங்க நிறைய சுத்துது. வத்திக்கான் தளத்துல இல்லாத பேச்ச யாருக்கும் அனுப்பாதீங்க.

கே: என் கல்யாணம் செல்லுமா?

ப: அது இங்க பேசுற விஷயம் இல்ல, பங்குத்தந்தைகிட்ட போங்க, மறைமாவட்ட நீதிமன்றத்துக்கு அவர் வழி காட்டுவார்.

கே: அப்போ விசுவாசிங்க வாயே திறக்கக் கூடாதா?

ப: தாராளமா திறக்கலாம். சட்டம் 212, நம்ம கருத்த மேய்ப்பர்கள்கிட்ட சொல்றது உரிமை, சில நேரம் கடமைனே சொல்லுது. மரியாதையோட உங்க ஆயருக்கு எழுதுங்க.

கே: நான்தான் இணை மீட்பர் பத்தி கேட்டது. ஆவணத்த திறந்துட்டேன், ரொம்ப நீளம், எங்க ஆரம்பிக்க?

ப: சந்தோஷம்ங்க! 17ஆம் பத்தில ஆரம்பிச்சு 22 வரை நிதானமா படிங்க, உங்க கேள்வி முழுக்க அங்கதான் இருக்கு.