சமஸ்தானப் படையில் இருந்தவர்களை இந்திய ராணுவத்தில் சேர்த்தபோது, அவர்களுடைய பழைய சர்வீஸுக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்ததா?

உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவருடைய பழைய பென்ஷன் காகிதம் கையில் சிக்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் யாரும் இதைக் கேட்க மாட்டார்கள்.

பாதுகாப்பு எழுத்தில் இருந்தது. 1949 ஜூலை 1-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது போட்ட உடன்படிக்கையில், நிரந்தரப் பணியாளர்களைப் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வைத்துக்கொள்வோம், முடியாவிட்டால் இழப்பீடோ விகிதாசாரப் பென்ஷனோ தருவோம் என்று உறுதி கொடுத்தார்கள். அது பட்டாளத்துக்காரனுக்கும் சேர்த்துத்தானா என்று வக்கீல்கள் சண்டை போடலாம். நான் வக்கீல் இல்லை, அடிக்க வராதீர்கள். அரசியல் சட்டத்தின் 259ஆவது பிரிவு அந்தப் படைகளை ஒன்றியத்தின் படையாகவே ஆக்கிவிட்டது. ஆனால் மன்னர்கள் போட்ட உடன்படிக்கையைக் காட்டி கோர்ட்டுக்குப் போக முடியாதபடி 363ஆவது பிரிவு கதவைச் சாத்தியது. விசாரணை இல்லாமல் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று சிவில் ஊழியருக்கு உள்ள 311ஆவது பிரிவின் காப்பும் சிப்பாய்க்குக் கிடையாது. மிச்சம் இருந்தது மனு எழுதுவதுதான்.

எங்கள் பாட்டா எழுதினார். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கும் கல்குளம் தாலுகாக்காரர், திருவிதாங்கூர் படையில் சிப்பாய். படை மெட்ராஸ் ரெஜிமெண்டுக்குள் போனபோது அவரும் கூடவே போனார். 1955-ல் வெளியே வந்தார். சிப்பாய்க்குப் பென்ஷன் வேண்டுமென்றால் 15 வருடம் வேண்டும். கணக்குப் பார்த்த அலுவலகம் அவருக்கு நாலு வருடம்தான் சர்வீஸ் என்று சொல்லி, கொஞ்சம் பணத்தைக் கொடுத்து அனுப்பப் பார்த்தது.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். அவர் சேர்ந்த தேதி '1115 சிங்ஙம்' (நம்ம ஆவணி) என்று கொல்லம் ஆண்டில், அதாவது மலையாள ஆண்டுக் கணக்கில் எழுதியிருந்தது. இங்கிலீஷில் 1939 ஆகஸ்ட். வட இந்திய கிளார்க் அதை எழுத்துப்பிழை என்று ஒதுக்கிவிட்டு, இந்திய ராணுவத்துக்குள் வந்த பிறகுள்ள வருடங்களை மட்டும் எண்ணினாராம். இரண்டு மனுவுக்குப் பதிலே இல்லை. மூன்றாவது மனுவோடு, கொல்லம் ஆண்டும் இங்கிலீஷ் தேதியும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் பஞ்சாங்கத் தாளைக் கிழித்து வைத்து அனுப்பினார். அப்புறம்தான் பென்ஷன் வந்தது. ஆச்சி சொல்லித் தெரிந்த கதை. கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம், ஆனால் மனுவின் நகல் எங்கள் தகரப்பெட்டியில் இன்னும் இருக்கிறது.

இதைச் சொன்னால் உடனே 'அப்போ நீங்க மலையாளியா?' என்று ஒருவர் கேட்பார். 1956 நவம்பர் 1-ல் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும் தமிழ்நாட்டோடு வந்தாயிற்று, அதற்குப் போராடிச் செத்தவர்களும் உண்டு. சென்னையில் வாடகைக்கு வீடு கேட்கப் போனால்கூட இன்னும் இந்தக் கேள்விதான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டிஸ்சார்ஜ் புத்தகம் இருந்தால், சேர்ந்த தேதி எந்த ஆண்டுக் கணக்கில் எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். கொல்லம் என்றால் மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825 கூட்டிக்கொள்ளுங்கள்.