தோம்புக்கு இரண்டு லட்சமா? பூட்டியின் உறுதியைத் தேடுங்கள்

கேள்வி: நான் கனடாவில் இருக்கிறேன். அம்மாவின் ஊர் சண்டிலிப்பாய். அம்மம்மாவின் தகப்பனார் 1885 அளவில் பிறந்தவராம். பிறப்புப் பதிவு கேட்டோம், ‘பதிவில்லை’ என்று பதில் வந்தது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் ஒல்லாந்தர் தோம்பைப் பார்த்து ஏழு தலைமுறை எழுதித் தர இரண்டு லட்சம் ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? ஊரில் இப்போது பெரியம்மா மட்டும்தான்.

பதில்: ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

தோம்பு என்பது காணிப் பதிவேடு. ஒல்லாந்தரிடமிருந்து யாழ்ப்பாணம் கைமாறியது 1795இல். பிறப்பு, இறப்பைப் பதிய வேண்டும் என்ற சட்டம் வந்தது 1867இல். நடுவில் எழுபது வருடம் வெறுமை. நமக்குக் குடும்பப் பெயரும் இல்லை. தகப்பன் பெயர்தான் முன்னால் வரும், அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். தோம்பில் ஒரு கந்தன் இருந்தால் அவர்தான் உங்கள் கந்தர் என்று எதை வைத்துச் சொல்வது? தரகர் சொல்லுவார், அவருக்கென்ன! நான் பார்த்த ஒரு வம்சாவளி யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்தியில் தொடங்கியது. லமினேற் வேறு பண்ணியிருந்தார்கள்.

‘பதிவில்லை’ என்றதும் மனம் விட வேண்டாம். கேட்ட வருடத்துப் புத்தகத்தில் காணவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். ‘1885 அளவில்’ என்றால் முன்னும் பின்னும் சில வருடங்கள் பார்க்க வேண்டும், அவருடைய தாயாரின் ஊரிலும் பார்க்க வேண்டும். அதை ஒரு வரி எழுதி அனுப்ப யாருக்கும் கை வராது. என் அப்பப்பாவின் பதிவுக்கு நான் மூன்று தரம் அலைந்தேன். கடைசியில் முதல்நாள் புரட்டிய அதே புத்தகத்தில்தான் இருந்தது.

சரி, வழி என்ன? அம்மம்மாவின் தகப்பனாரான பூட்டனாரை விட்டுவிட்டு, அவருடைய மனைவியான பூட்டியைத் தேடுங்கள். 1707இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டமான தேசவழமைப்படி அந்தக் காலத்தில் தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்குப் போனது. அதனால் தாய்வழியில் காணி பெண்கள் கையாலேயே இறங்கி வந்தது. அம்மம்மாவின் சீதன உறுதி, அதாவது காணிப் பத்திரம், கிடைத்தால் அதைக் கொடுத்தவர்களாகப் பூட்டனாரும் பூட்டியும் ஒரே தாளில் நிற்பார்கள். உரித்துச் சொல்லும் பகுதியில் பூட்டிக்கு அந்தக் காணி வந்த பழைய உறுதியின் இலக்கம், திகதி, அதை எழுதிய நொத்தாரிசின் (நோட்டரியின்) பெயர் இருக்கும். அதைக் கொண்டு காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். எல்லையையும் விடாமல் வாசியுங்கள். ‘கிழக்கு: கந்தர் பெண்சாதி சின்னாச்சி, வடக்கு: ஒழுங்கை’ என்று போகும். அந்தச் சின்னாச்சி பெரும்பாலும் அயலவர் அல்ல, கூடப் பிறந்தவள். ஒரு வளவைத்தான் சகோதரிகளுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பார்கள்.

ஒரு விதிவிலக்கு. ‘நாங்கள் சைவம்’ என்று சொல்லித் தேவாலயப் பதிவேட்டைத் தள்ளிவிடாதீர்கள். அமெரிக்க மிஷன் 1816இல் வந்தது. 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறி, அடுத்த வருடம் உடுவிலில் பெண்கள் விடுதிப் பாடசாலை. அங்கே படித்த பிள்ளைகள் பலருக்கு, பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரையே வைத்தார்கள். சிதம்பரப்பிள்ளை வில்லியம் நெவின்ஸ் ஆனது அப்படித்தான். பிறகு அவருடைய மகன் நெவின்ஸ் செல்வதுரை யாழ் இந்துக் கல்லூரிக்கே அதிபரானார். ஆகவே உங்கள் முன்னோர் ஒருவர் வேறு பெயரில் ஞானஸ்நானப் பதிவில் ஒளிந்திருக்கலாம். பெரியம்மாவிடம் ‘மிஷனில் படித்தவர்கள் யார்?’ என்று கேளுங்கள். ‘வேதத்தில் (கிறிஸ்தவத்தில்) சேர்ந்தார்களா?’ என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லுவா.

அப்புறம், அந்தத் தரகர் மூல உறுதியைக் கேட்பார், ‘தேடுவதற்கு’ அற்றோர்னித் தத்துவமும் (உங்களுக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரப் பத்திரமும்) கேட்பார். முன்னோரைத் தேட அது எதற்கு? வெளிநாட்டில் இருப்பவர்களின் காணிகளில் எது கவனிப்பாரற்றுக் கிடக்கிறது என்று அறியத்தான் இந்த ஆராய்ச்சி. உறுதிகளையும், பெட்டியில் கிடக்கும் இறந்தவர் நினைவாக அச்சடிக்கும் முப்பத்தோராம் நாள் கல்வெட்டுப் புத்தகங்களையும் பெரியம்மாவைக் கொண்டே பக்கம் பக்கமாகப் படம் எடுப்பியுங்கள். அவவுக்குப் போன் பிடிக்கத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து எடுக்கட்டும், ஆனால் பெட்டி வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது.