ஏரியைத் தூர்வார ஊரை எப்படித் திரட்டுவது?

கேள்வி: எங்கள் ஊர் ஏரி தூர்ந்து, சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. இளைஞர்கள் சேர்ந்து பொக்லைன் வாடகையும் பேசி முடித்த பின் பெரியவர்களிடம் சொன்னோம். “படிக்கிற பிள்ளைகளுக்கு இது எதற்கு?” என்று ஒதுங்கிவிட்டார்கள். என்ன செய்வது?
– கல்லூரி மாணவர், அறந்தாங்கி வட்டம்

பதில்: உங்களுக்கு அருகிலேயே முன்மாதிரி இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்ட பின், பேராவூரணிப் பகுதி இளைஞர்கள் ‘கடைமடைப் பகுதி ஒருங்கிணைந்த விவசாயிகள் சங்கம்’ என்ற பெயரில் திரண்டு, 500 ஏக்கருக்கும் மேல் பரந்த பேராவூரணிப் பெரிய குளத்தைத் தூர்வாரினார்கள். ஊர்க்காரர்களே அதற்குப் பணம் தந்தார்கள்.

நீங்கள் வாடகை பேசுவதற்கு முன்பே பெரியவர்களிடம் போயிருக்க வேண்டும். எந்த மடையில் மண் மேடிட்டிருக்கிறது, வரத்துக்கால் எங்கே அடைபட்டது, மிகுநீர் வெளியேறும் கலிங்கு கடைசியாக எப்போது வழிந்தது என்பதெல்லாம் காலமெல்லாம் தண்ணீர் பாய்ச்சிய முதியவர்களுக்கும், நூறு நாள் வேலையில் அந்த மண்ணை வெட்டிய பெண்களுக்கும்தான் தெரியும். அவர்களோடு கரையைச் சுற்றி நடந்து, அவர்கள் காட்டும் இடத்திலிருந்து வேலையைத் தொடங்கத் திட்டமிடுங்கள். தாம் சொன்ன யோசனை நடக்கும்போது ஒதுங்கி நிற்பவர்கள் குறைவு. குழுவில் எல்லாத் தெருக்காரர்களும் இருக்க வேண்டும். காலனித் தெருவை விட்டுவிட்டுச் செய்வது ஊர் வேலை ஆகாது.

எதிர்ப்பவர்கள் எல்லோரும் அக்கறையற்றவர்கள் அல்லர். ஏரிக்குள் பயிர் வைத்திருப்பவருக்கும், மீன்பாசி குத்தகை எடுத்தவருக்கும், கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவருக்கும் உங்கள் வேலையால் இழப்பு உண்டு. ஆக்கிரமிப்பை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் நிற்கும் பயிரை அறுக்கும்வரை, குத்தகைக் காலம் முடியும்வரை பொறுக்க முடியும். இதை இயந்திரம் இறங்கும் முன்னரே அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

பிறகு கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் அது கூடும். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலப்பரப்பு, 100 ஏக்கருக்குக் குறைவான ஏரி பொதுவாக ஊராட்சி ஒன்றியத்திடமும், பெரியது நீர்வளத் துறையிடமும் இருக்கும். உரிய அலுவலகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண்ணையும் எடுக்காதீர்கள்.

கேள்வி: வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களிடம் பணம் வாங்கலாமா?
– அதே வாசகர்

பதில்: இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளில் குடியுரிமை பெற்றுவிட்டவர் ஊரில் பிறந்தவராகவே இருந்தாலும், 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் அவரது பணத்துக்குப் பொருந்தும். அதற்குரிய பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. தனிநபர் கணக்கில் எதையும் வாங்காதீர்கள். வரவையும் டீசல் செலவையும் அன்றன்றே எழுதி, எல்லோரும் வந்துபோகும் தேநீர்க் கடைச் சுவரில் ஒட்டுங்கள்.